குடியரசுத் தலைவர் வேட்பாளர்: கட்சிக்குள் யார், எதை வைத்து எடை போடுகிறார்கள்?

2022 ஜூன் 21. டெல்லியில் பாஜக ஆட்சிமன்றக் குழு கூடியது. கூட்டம் முடிந்ததும் அப்போதைய தேசியத் தலைவர் ஜே.பி.நட்டா, சுமார் 20 பெயர்கள் பேசப்பட்டதாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பெயரை அறிவித்தார்: திரௌபதி முர்மு. நாட்டின் 15வது குடியரசுத் தலைவர் யார் என்பது ஏறக்குறைய அப்போதே முடிவாகிவிட்டது. ஜூலை 18ல் வாக்குப்பதிவு, 21ல் எண்ணிக்கை, 25ல் பதவியேற்பு என்று அடுத்தடுத்து நடந்ததெல்லாம் பெரும்பாலும் சம்பிரதாயம்.

உங்கள் ஆபீஸில் ஒரு பெரிய பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூ எப்படி நடந்தது என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆனா ஷார்ட்லிஸ்ட் போட்டவர் யார், எதைப் பார்த்துப் போட்டார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கும். குடியரசுத் தலைவர் தேர்தலும் அப்படித்தான். ஆளும் தரப்பிடம் எண்ணிக்கை இருந்தால், உண்மையான தேர்வு கட்சிக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

அந்தத் தேர்வை யார் செய்கிறார்கள்? எதையெல்லாம் பார்க்கிறார்கள்? அவர்கள் கணக்கு எங்கே தப்பியிருக்கிறது? முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அதற்கு முன் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதலில், ஓட்டு யாருக்கு?

உங்களுக்கும் எனக்கும் இந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 54வது பிரிவுப்படி, மக்களவை, மாநிலங்களவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும்தான் வாக்காளர்கள். டெல்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களும் இதில் உண்டு. நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கிடையாது. சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் கிடையாது.

எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு, அந்த மாநிலத்தின் 1971 மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை 1,000ஆல் வகுத்தால் வரும். தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை சுமார் 4.12 கோடி, தொகுதிகள் 234. ஆக ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் இது 208. சிக்கிமில் வெறும் 7.

எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு கிடைக்கும். 2022ல் அது 700. அந்தத் தேர்தலில் மொத்த மதிப்பு 10,86,431. தமிழ்நாட்டின் 234 எம்.எல்.ஏ.க்களையும் 57 எம்.பி.க்களையும் கூட்டினால் 81,084, அதாவது சுமார் ஏழரை சதவீதம். இறுக்கமான போட்டியில் முடிவையே மாற்றக்கூடிய எடை இது.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது. ரகசிய வாக்கெடுப்பு. ஒரு எம்.பி. தன் கட்சி வேட்பாளருக்கு எதிராக ஓட்டுப் போட்டாலும், அதற்காகக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி பறிபோகாது. ஆகவே, ஒரு கட்சி வேட்பாளரை முடிவு செய்யும்போது, சொந்த உறுப்பினர்களே மனதார ஓட்டுப் போடுவார்களா என்பதையும் யோசித்தாக வேண்டும்.

ரப்பர் ஸ்டாம்ப்தானே, எதுக்கு இவ்வளவு யோசனை?

பெரும்பாலான நாட்களில் அது சரிதான். 1976ல் வந்த 42வது திருத்தம், அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. 1978ல் வந்த 44வது திருத்தம், ஒரே ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று கொஞ்சம் இடம் கொடுத்தது.

ஆனால் ஐந்து வருடத்தில் ஒன்றிரண்டு நாட்கள் வேறு மாதிரி வரும். அந்த நாட்களில் அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது நாட்டின் போக்கையே மாற்றும்.

1975 ஜூன் 25 இரவு, நெருக்கடி நிலைப் பிரகடனம் ஃபக்ருதீன் அலி அகமதுவிடம் வந்தது. அமைச்சரவை அதுவரை கூடவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது மறுநாள் காலைதான்.

1998 மார்ச்சில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. வாஜ்பாயை ஆட்சியமைக்க அழைப்பதற்கு முன், கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டார் கே.ஆர்.நாராயணன். அதிமுகவின் கடிதம் வரத் தாமதமானதால் டெல்லியே காத்திருந்தது நம்மூர் ஆட்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர குஜ்ரால் அமைச்சரவை செய்த பரிந்துரையை அவர் திருப்பி அனுப்பினார். அரசு அதைக் கைவிட்டது.

கையெழுத்துப் போடுபவர், கடிதம் கேட்பவர், திருப்பி அனுப்புபவர் என்று மூன்று வகையான ஆட்களையும் கட்சிகள் பார்த்திருக்கின்றன. அதனால், வேட்பாளரைத் தேடும்போது எந்தத் தலைவரின் மனதிலும் ஓடும் முதல் கேள்வி, "அந்த ஒரு நாளில் இவர் என்ன செய்வார்?" என்பதுதான்.

பிரதமர் கேட்டார், கட்சி தரவில்லை

இப்போது கட்சித் தலைமை ஒரு பெயரைச் சொன்னால் பொதுவெளியில் யாரும் மறுப்பதில்லை. ஆரம்பத்தில் நிலைமை அப்படி இல்லை.

1949ல், முதல் குடியரசுத் தலைவராக யார் வருவது என்ற கேள்வி எழுந்தபோது, நேருவின் விருப்பம் ராஜாஜி. அப்போது ராஜாஜிதான் கவர்னர் ஜெனரல். அவரையே தொடரவைக்கலாம் என்பது நேருவின் எண்ணம். காங்கிரசில் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1942ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ராஜாஜி எதிர்த்ததை அவர்கள் மறக்கவில்லை. கட்சிக்குள் ராஜேந்திர பிரசாத்துக்கு ஆதரவு அதிகம். வல்லபபாய் படேலும் அந்தப் பக்கமே சாய்ந்தார். நேரு விட்டுக்கொடுத்தார். 1950 ஜனவரி 24ல் பிரசாத் போட்டியின்றித் தேர்வானார்.

1957லும் கிட்டத்தட்ட இதே கதை. குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் வரவேண்டும் என்று நேரு நினைத்தார். கட்சி பிரசாத்துக்கே இரண்டாவது வாய்ப்பு கொடுத்தது. இரண்டு முறை குடியரசுத் தலைவராகத் தேர்வான ஒரே நபர் இன்றுவரை அவர்தான்.

நேருவைவிடச் செல்வாக்கான பிரதமர் அந்தக் காலத்தில் கிடையாது. அவரே இரண்டு முறை கேட்டும் கட்சி வேறு பெயரைக் கொடுத்தது. அதாவது, எடை போடும் தராசு அப்போது கட்சியின் கையில் இருந்தது.

1969: தராசு உடைந்த வருடம்

1969 மே 3ல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார். அடுத்தவர் யார் என்பதை முடிவு செய்ய, ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழு கூடியது.

பிரதமர் இந்திரா காந்தி முன்வைத்த பெயர் ஜெகஜீவன் ராம். காமராஜர், எஸ்.கே.பாட்டீல், மொரார்ஜி தேசாய் போன்ற மூத்தவர்கள் முன்வைத்தது மக்களவைத் தலைவராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியை. குழுவின் பெரும்பான்மை ரெட்டி பக்கம் போனது. பிரதமர் சொந்தக் கட்சிக் கூட்டத்தில் தோற்றார்.

மூத்தவர்களின் கணக்கு என்ன? அவர்களுக்கும் இந்திராவுக்கும் ஏற்கெனவே இழுபறி. ராஷ்டிரபதி பவனில் தங்கள் ஆள் இருந்தால், நெருக்கடி வரும் நாளில் பிரதமரைக் கட்டுப்படுத்தலாம். இந்திராவுக்கும் அது புரிந்தது. அதனால் ஒரு பெயர் பற்றிய விவாதம், கட்சி யார் கையில் என்ற சண்டையாக மாறியது.

அடுத்த சில நாட்களில் எல்லாம் வேகமாக நடந்தது. ஜூலை 16ல் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. 19ல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 20ல் கிரி தன் பொறுப்பிலிருந்து விலகி, சுயேச்சையாகப் போட்டியிடக் களமிறங்கினார். ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்தவரே இந்திராதான். ஆனாலும் அவருக்கு ஓட்டுப் போடும்படி கட்சியினரிடம் சொல்ல மறுத்துவிட்டார்.

இந்த நேரத்தில் காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா ஒரு காரியம் செய்தார். ஜனசங்கம், சுதந்திரா கட்சித் தலைவர்களைச் சந்தித்து, அவர்களுடைய இரண்டாவது விருப்ப ஓட்டுகளை ரெட்டிக்குத் தரும்படி கேட்டார். கணக்குப்படி பார்த்தால் தப்பில்லை. அரசியலில் அது பெரிய தப்பாகிவிட்டது. 'வலதுசாரிகளோடு கைகோத்துவிட்டார்கள்' என்று சொல்ல இந்திரா தரப்புக்குக் காரணம் கிடைத்தது. "மனசாட்சிப்படி வாக்களியுங்கள்" என்ற அழைப்பு வந்தது. கொறடா இல்லாத தேர்தலில் அந்த ஒரு வரி போதும். திமுகவும் இடதுசாரிகளும் கிரி பக்கம் நின்றார்கள்.

ஆகஸ்ட் 16ல் வாக்குப்பதிவு, 20ல் முடிவு. முதல் விருப்ப ஓட்டுகளில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, மூன்றாவது வேட்பாளர் சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. இரண்டாவது விருப்பங்களையும் எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இந்தியாவின் குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாவது விருப்ப ஓட்டுகள் முடிவைத் தீர்மானித்தது அந்த ஒரு முறைதான்.

அதிகாரபூர்வ வேட்பாளர் தோற்றார். நவம்பர் 12ல் இந்திரா கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. காமராஜர் ஸ்தாபன காங்கிரசில் நின்றார். பெரும்பான்மை இழந்த இந்திராவின் அரசு, திமுக, இடதுசாரிகள் போன்றோரின் ஆதரவில் ஓடியது. 1971 தேர்தலில் திமுகவும் இந்திரா காங்கிரசும் கூட்டணி வைத்தன. ஒரு வேட்பாளரை முடிவு செய்யக் கூடிய கூட்டத்தின் அதிர்வு தமிழ்நாட்டு அரசியல் வரை வந்து சேர்ந்தது.

இதில் கட்சிகள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. தலைமை விரும்பாத பெயரைக் கட்சி திணித்தால், கட்சியே உடையும். அதற்குப் பிறகு எந்த ஆளும் கட்சியும் இப்படி ஒரு வாக்கெடுப்புக்குத் துணியவில்லை. தராசு கட்சிக் குழுவிடமிருந்து தலைவரின் கைக்குப் போனது.

தலைவரே தேர்ந்தெடுத்தால் கணக்கு தப்பாதா?

தப்பும். 1982ல் காங்கிரஸ் தேர்ந்தெடுத்தது ஜெயில் சிங்கை. இந்திராவின் அமைச்சரவையில் உள்துறை அமைச்சர், அவருடைய தீவிர விசுவாசி. 1984 அக்டோபர் 31ல், இந்திரா கொல்லப்பட்ட அதே நாளில், ராஜீவ் காந்திக்கு அவர் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்.

ஆனால் கொஞ்ச காலத்திலேயே ராஜீவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றி அனுப்பியது. அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் இதற்குக் காலக்கெடு எழுதப்படவில்லை என்பதைப் பயன்படுத்தி, 1987 ஜூலையில் பதவிக்காலம் முடியும்வரை அப்படியே வைத்துவிட்டார்.

சஞ்சீவ ரெட்டியின் கதை இன்னும் விசித்திரம். 1969ல் தோற்ற அவர் 1977ல் போட்டியின்றி குடியரசுத் தலைவரானார். 1979ல் மொரார்ஜி அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த சரண் சிங்கும் நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே ராஜினாமா செய்தார். அப்போது ஆட்சியமைக்க உரிமை கோரியவர் ஜெகஜீவன் ராம். பத்து வருடத்துக்கு முன் பெங்களூரில் ரெட்டிக்கு எதிராகச் சொல்லப்பட்ட அதே பெயர். ரெட்டி அவரை அழைக்கவில்லை, மக்களவையைக் கலைத்தார். அந்த முடிவு சரியா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

விசுவாசம் ஒரு மனிதருக்குத்தான். அந்த மனிதர் மாறும்போது விசுவாசமும் மாறும். ஐந்து வருடப் பதவியில், பதவியைக் கொடுத்தவரே இல்லாமல் போகலாம். கட்சிகள் அடிக்கடி மறக்கும் விஷயம் இது.

கூட்டணி காலம்: தராசில் இன்னொரு கை

தனிக் கட்சிப் பெரும்பான்மை போன பிறகு, தலைவரின் விருப்பம் மட்டும் போதவில்லை. கூட்டணிக் கட்சிகளும் வெளியிலிருந்து ஆதரவு தருபவர்களும் 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்துக்கு வந்தார்கள்.

2002ல் பாஜகவின் முதல் விருப்பமாக இருந்தவர் மகாராஷ்டிர ஆளுநர் பி.சி.அலெக்சாண்டர். இந்திராவின் முதன்மைச் செயலாளராக இருந்தவர் அவர். காங்கிரஸ் அவரை ஏற்கவில்லை. குடியரசுத் துணைத் தலைவர் கிருஷண் காந்த்தின் பெயரும் அடிபட்டுப் பின்தங்கியது. முலாயம் சிங் யாதவ் ஆதரித்த அப்துல் கலாமின் பெயரை வாஜ்பாய் எடுத்துக்கொண்டார். அப்போது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார் கலாம். அந்தப் பெயரை எதிர்க்க காங்கிரசால் முடியவில்லை. இடதுசாரிகள் மட்டும் லட்சுமி சாகலை நிறுத்தினார்கள். கலாமுக்கு 9,22,884, சாகலுக்கு 1,07,366. அதே கலாம்தான் 2006ல், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு கொண்டுவந்த ஆதாயம் தரும் பதவி மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார்.

2007ல் காங்கிரஸ் யோசித்த பெயர்களில் ஒன்று உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல். அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்த இடதுசாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ராஜஸ்தான் ஆளுநராக இருந்த பிரதிபா பாட்டீல் வந்தார். முதல் பெண் குடியரசுத் தலைவர் என்ற செய்தி ஒருபக்கம். அவர் மகாராஷ்டிராவைச் சேர்ந்தவர் என்பதால், எதிர் அணியில் இருந்த சிவசேனாவும் அவருக்கே ஓட்டுப் போட்டது.

2012 இன்னும் சுவாரசியம். நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி என்ற இரண்டு பெயர்கள் காங்கிரஸ் தரப்பில் ஓடின. ஜூன் 13ல் மம்தா பானர்ஜியும் முலாயமும் சேர்ந்து மூன்று பெயர்களை வெளியே சொன்னார்கள்: அப்துல் கலாம், சோம்நாத் சட்டர்ஜி, மூன்றாவதாக அப்போது பிரதமராக இருந்த மன்மோகன் சிங்! பதவியில் இருக்கும் பிரதமரையே மாற்றச் சொல்வது போன்ற யோசனை அது. இரண்டே நாளில் சோனியா காந்தி பிரணாப் பெயரை அறிவித்தார். முலாயம் பிரணாப் பக்கம் வந்துவிட்டார். கலாம் போட்டியிட மறுத்துவிட்டார். கடைசியில் மம்தாவும் பிரணாபுக்கே ஆதரவு தந்தார்.

அந்தத் தேர்தலில் எதிர்த்து நின்றவர் பி.ஏ.சங்மா. தேசியவாத காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், கட்சி தன் போட்டியை ஏற்காததால் விலகி வந்து நின்றார். அதிமுகவும் பிஜு ஜனதா தளமும் அவரை முதலில் ஆதரித்தன, பாஜக பின்னால் வந்தது. பாஜகவின் கூட்டாளிகளான சிவசேனாவும் ஐக்கிய ஜனதா தளமுமோ பிரணாபுக்கு ஓட்டுப் போட்டன.

எதிர் அணியைப் பிரிக்கும் பெயர்

2014க்குப் பிறகு பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை இருந்ததால், கூட்டணிக் கட்சிகளால் ஒரு பெயரைத் தடுக்க முடியவில்லை. ஆனால் ஒரு உத்தி இன்னும் கூர்மையானது. எதிர் அணியில் இருப்பவர்கள் எதிர்க்கத் தயங்கும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது.

2017ல் எல்.கே.அத்வானி உட்படப் பல பெயர்கள் ஊடகங்களில் ஓடின. ஜூன் 19ல் அமித் ஷா அறிவித்தது பிகார் ஆளுநராக இருந்த ராம்நாத் கோவிந்தை. தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். அப்போது லாலுவோடும் காங்கிரசோடும் கூட்டணி ஆட்சி நடத்திக்கொண்டிருந்த நிதிஷ் குமார், கோவிந்துக்கு ஆதரவு என்றார். எதிர்க்கட்சிகள் தலித் தலைவரான மீரா குமாரை நிறுத்தியும் அவர் மாறவில்லை. அடுத்த மாதக் கடைசியில் பிகார் கூட்டணியே உடைந்து, நிதிஷ் பாஜகவோடு சேர்ந்தார்.

2022ல் தேசிய ஜனநாயகக் கூட்டணியிடம் பாதிக்குச் சற்றுக் குறைவான மதிப்பே இருந்தது. முர்மு ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தைச் சேர்ந்த சந்தாலி பழங்குடிப் பெண். பிஜு ஜனதா தளமும் பாஜகவும் கூட்டணியில் இருந்த காலத்தில் நவீன் பட்நாயக் அமைச்சரவையில் இருந்தவர். 30 ஆயிரத்துக்கும் மேல் மதிப்புள்ள பிஜு ஜனதா தளத்தின் ஓட்டுகள் உடனே வந்துவிட்டன. ஜார்க்கண்டில் காங்கிரசோடு ஆட்சியில் இருந்த ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவும், மகாராஷ்டிராவில் உத்தவ் தாக்கரேவும்கூட அவரையே ஆதரித்தார்கள்.

எதிர்க்கட்சிகளின் பக்கம் நிலைமை தலைகீழ். சரத் பவார், ஃபரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி என்று மூன்று பேர் அடுத்தடுத்து மறுத்தார்கள். பிறகு யஷ்வந்த் சின்ஹா நின்றார். முடிவு: முர்மு 6,76,803, சின்ஹா 3,80,177.

முர்முவைப் பற்றி இன்னொரு விவரமும் கவனிக்க வேண்டியது. அவர் ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, பழங்குடியினர் நிலம் தொடர்பான சோட்டாநாக்பூர், சந்தால் பர்கனா குத்தகைச் சட்டத் திருத்தங்களை 2017ல் மாநில அரசுக்குத் திருப்பி அனுப்பினார். அந்த மாநில அரசு பாஜகவினுடையது. பழைய பதவிகளில் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்க்க இப்படித்தான் தேட வேண்டும்.

2027ல் பெயர்கள் அடிபடும்போது நீங்கள் என்ன பார்க்கலாம்?

2024 மக்களவைத் தேர்தலில் பாஜக வென்றது 240 இடங்கள். தெலுங்கு தேசத்துக்கு 16, ஐக்கிய ஜனதா தளத்துக்கு 12. கூட்டணிக் கட்சிகளின் சம்மதம் மீண்டும் கணக்கில் வந்திருக்கிறது. டிவியில் 'இவரா, அவரா' என்று பட்டியல் ஓடும்போது, ஒவ்வொரு பெயருக்கும் இந்த ஐந்து கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்று, எண்ணிக்கை. இந்தப் பெயர் வந்தால் கூட்டணிக்கு வெளியே இருந்து யார் ஓட்டு வரும்? சொந்தக் கட்சியில் யார் முகம் சுளிப்பார்கள்?

இரண்டு, செய்தி. எந்த மாநிலத்துக்கு, எந்தச் சமூகத்துக்கு இந்தப் பெயர் மூலம் கட்சி பேசுகிறது? முதல் தலித், முதல் பெண், முதல் பழங்குடி என்ற அடையாளங்களுக்கு உண்மையான மதிப்பு உண்டு. அதே நேரம், பக்கத்தில் எந்த மாநிலத்தில் தேர்தல் வருகிறது என்றும் பாருங்கள்.

மூன்று, இழப்பும் ஓய்வும். பிரணாப் போன ஒருவரை அனுப்பினால் கட்சி தன் மிகத் திறமையான ஆளை இழக்கிறது. சில சமயம் அப்படி ஒருவரை மரியாதையாக ஒதுக்கிவைக்கவும் இந்தப் பதவி உதவும். எது நடக்கிறது?

நான்கு, எதிர் அணி. இந்தப் பெயரை எதிர்த்து ஓட்டுப் போட்டால் யாருக்குத் தங்கள் ஊரில் பதில் சொல்ல முடியாமல் போகும்?

ஐந்து, அந்த ஒரு நாள். தொங்கு நாடாளுமன்றம் வந்தால், சந்தேகத்துக்குரிய ஒரு கோப்பு நள்ளிரவில் வந்தால், இவர் என்ன கேட்பார்? ஆளுநராக, சபாநாயகராக, அமைச்சராக இருந்தபோது எப்போதாவது 'முடியாது' என்றோ 'காரணம் சொல்லுங்கள்' என்றோ சொல்லியிருக்கிறாரா?

முதல் நான்கையும் கட்சிகள் மிகக் கவனமாகப் பார்க்கும். ஐந்தாவதையும் பார்க்கும். ஆனா அவங்க தேடுற பதில் வேற, நாடு தேட வேண்டிய பதில் வேற. கட்சிக்கு வேண்டியது கேள்வி கேட்காத கை. பெரும்பான்மை யாருக்கும் இல்லாத நாளில் நமக்கு வேண்டியது, கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் ஆள்.

இந்தத் தேர்வில் உங்களுக்கு ஓட்டு இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு 176 மதிப்பு உண்டு. அதை எந்தக் கொறடாவும் கட்டுப்படுத்த முடியாது. அவர் யாருக்குப் போடப்போகிறார், ஏன் என்று அவரிடம் நீங்கள் கேட்கலாம். 1969ல் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் அந்தக் கேள்விக்குத் தனியாக விடை தேட வேண்டியிருந்தது. கடைசியில் வித்தியாசம் 14,650தான்.